கடைசிக் கல்லும் அதற்கு முந்தைய பதினைந்தும்: ஈவ் மியூர்ஹெட் என்ற கர்லிங் வீராங்கனை

2018 பிப்ரவரி 24 அன்று தென் கொரியாவின் காங்நுங் நகரில் குளிர்கால ஒலிம்பிக்கின் மகளிர் கர்லிங் வெண்கலப் பதக்கப் போட்டி நடந்தது. பனித்தளத்தில் கனமான கற்களை வழுக்கிவிட்டு இலக்கு வட்டத்தில் நிறுத்தும் ஆட்டம் கர்லிங். பத்தாவது சுற்றில் ஜப்பான் 4–3 என்று முன்னிலையில் இருந்தது. பிரிட்டன் அணித் தலைவி ஈவ் மியூர்ஹெட்டின் கையில் ஆட்டத்தின் கடைசிக் கல் இருந்தது. கூடுதல் சுற்றுக்கு இழுக்காமல் அங்கேயே வென்றுவிடும் எண்ணத்தில், இரண்டு புள்ளிகளுக்கான கடினமான தாக்குதலைத் தேர்ந்தெடுத்து அவர் கல்லை விட்டார். மோதிய கற்கள் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. புள்ளி ஜப்பானுக்குப் போனது. ஆட்டம் 5–3 என முடிந்தது. பனித்தளத்தில் அவர் அழுதுகொண்டு நின்றதைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின.

2022 பிப்ரவரி 20, பெய்ஜிங். அதே ஜப்பான் அணி, சத்சுகி புஜிசாவா என்ற அதே எதிரணித் தலைவி. இம்முறை தங்கப் பதக்கத்துக்கான இறுதிப் போட்டி. மியூர்ஹெட்டின் அணி 10–3 என்று வென்றது. அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான்.

இடையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். கையும் கண்ணும் அதே ஆளுடையவை. அப்படியானால் மாறியது என்ன? விளையாட்டுப் பக்கங்கள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில் மன உறுதி, மீண்டெழுதல் என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடுகிறது. அந்தப் பதில் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் மிகவும் குறைபாடானது. கர்லிங்கில் அணித் தலைவி விடும் கடைசிக் கல்லின் கடினம், அதற்கு முன் விடப்பட்ட பதினைந்து கற்களால் தீர்மானிக்கப்படுகிறது. மியூர்ஹெட்டின் ஆட்ட வாழ்வை அந்தப் பதினைந்து கற்களின் பக்கத்திலிருந்து படித்தால்தான் 2018-உம் 2022-உம் சேர்ந்து புரியும் என்பது என் வாதம்.

ஆட்டத்தின் இயல்பு

ஓர் அணிக்கு நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றில் இரண்டு கற்கள். இரு அணிகளும் மாறி மாறி விடுவதால் சுற்றுக்குப் பதினாறு கற்கள். ஆட்டத்துக்குப் பத்துச் சுற்றுகள். ஒவ்வொரு கல்லும் கருங்கல்லில் செதுக்கியது. எடை 20 கிலோவைத் தொட்டு நிற்கும். ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளத்தின் மறுமுனையில் 3.66 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வரையப்பட்டிருக்கும். பதினாறு கற்களும் விடப்பட்ட பிறகு வட்டத்தின் மையத்துக்கு மிக அருகில் யாருடைய கல் இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிட அருகில் நிற்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு புள்ளி உண்டு. கேரம் ஆடியவர்களுக்கு இதன் பாதி உடனே விளங்கும்: அடித்து வெளியேற்றுவது, உரசி நகர்த்துவது, மறைத்து வைப்பது எல்லாம் இங்கும் உண்டு.

கேரத்தில் இல்லாத ஒன்று தேய்ப்பது. பனித்தளத்தின்மீது நீர்த்துளிகளைத் தூவி உறைய வைத்திருப்பார்கள். அந்த நுண்ணிய மேடுகளின்மேல்தான் கல் ஓடுகிறது. கைப்பிடியில் கொடுத்த மெதுவான சுழற்சியால் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் கல் ஒரு பக்கமாக வளையும். கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பங்களால் வேகமாகத் தேய்த்தால் பனியின் மேற்பரப்பு சற்றே சூடேறி உராய்வு குறையும். கல் இன்னும் சில மீட்டர் போகும், நேராகவும் ஓடும். ஆகவே கையைவிட்டுப் போன கல்லின் விதி இன்னும் முடிவாகவில்லை. விட்டவர் கத்துகிறார், மறுமுனையில் நிற்பவர் கத்துகிறார், நடுவில் இருவர் கல்லின் வேகத்தைக் கண்ணால் அளந்துகொண்டே ஓடுகிறார்கள். ஒரு நல்ல கல்லுக்கு நான்கு பேர் சொந்தக்காரர்கள்.

அணித் தலைவியை ஸ்கிப் என்பார்கள். மற்றவர்கள் விடும்போது அவர் வட்டத்தில் நின்று இலக்கைத் துடைப்பத்தால் காட்டுவார். பெரும்பாலும் கடைசி இரண்டு கற்களைத் தாமே விடுவார். ஒரு சுற்றின் ஆகக் கடைசிக் கல்லை விடும் உரிமை பெரிய சாதகம். முந்தைய சுற்றில் புள்ளி எடுக்காத அணிக்கு அது கிடைக்கும். எல்லாப் படக்கருவிகளும் ஸ்கிப்பின் முகத்தையே பிடிப்பதற்குக் காரணம் இந்த அமைப்புதான். வென்றால் அவர் வென்றார். தோற்றால் அவர் தவறவிட்டார். ஸ்கிப்புக்கு மூன்று கற்களைத் தாண்டிச் செல்லும் குறுகிய சந்து மட்டுமே மிஞ்சியதா, திறந்த வெளியில் சாதாரணமாக வைக்கும் வாய்ப்பு மிஞ்சியதா என்பது பார்வையாளர் நினைவில் நிற்பதில்லை.

பிளேர் ஆத்தலின் பெண்

மியூர்ஹெட் 1990 ஏப்ரல் 22 அன்று ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் பிறந்தார். வளர்ந்தது பெர்த்ஷயர் மலைநாட்டில் பிளேர் ஆத்தல் என்ற சிற்றூரில். குடும்பத்துக்கு ஆட்டுப் பண்ணை. தந்தை கோர்டன் மியூர்ஹெட் கர்லிங்கில் ஸ்காட்லாந்துக்காக உலகப் போட்டிகளில் ஆடியவர். 1999-இல் உலகப் பட்டம் வென்ற ஹேமி மக்மில்லன் அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்தவர். சகோதரர்கள் கிளென், தாமஸ் இருவரும் 2018 ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஆண்கள் அணியில் இடம்பெற்றார்கள். ஒரே வீட்டின் மூன்று பிள்ளைகள் ஒரே ஒலிம்பிக்கில், ஒரே விளையாட்டில்!

இது ஸ்காட்லாந்தில் பார்க்க முடியாத அதிசயமும் அல்ல. கர்லிங் அங்கே குடும்பச் சொத்தைப் போல் தலைமுறை இறங்கும். உறைந்த ஏரிகளில் உழவர்களும் கொல்லர்களும் ஆடிய ஆட்டம் இது. 1511 என்ற ஆண்டு பொறித்த பழைய கல் ஒன்று ஸ்டர்லிங் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1838-இல் கிராண்ட் கலிடோனியன் கர்லிங் கிளப் தோன்றி விதிகளை ஒழுங்குபடுத்தியது. இன்றும் ஒலிம்பிக் கற்களுக்கான கருங்கல், கிளைடு முகத்துவாரத்தில் ஆளில்லாமல் நிற்கும் ஏய்ல்சா கிரேக் என்ற தீவிலிருந்து வருகிறது. அவற்றை வடிப்பது அயர்ஷயரின் மாக்லின் ஊரிலுள்ள கேஸ் நிறுவனம்.

மியூர்ஹெட்டுக்கு வேறு வழிகளும் திறந்திருந்தன. கோல்ஃபில் அவர் உயர்தர ஆட்டக்காரர். அமெரிக்கக் கல்லூரிகள் உதவித்தொகையுடன் அழைத்தபோது கர்லிங்குக்காக மறுத்தார். பேக்பைப் என்ற ஊதுகருவியை வாசிப்பவர்; உலகப் பைப் பேண்ட் போட்டிகளில் வாசித்திருக்கிறார். இதைச் சுவைக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு குழுவின் தாளத்துக்குள் தன் மூச்சை அடக்கத் தெரிந்தவர் அவர். பின்னாளில் அவர்மேல் விழுந்த தனிமைச் சுமைக்கு இந்தப் பின்னணி சற்றும் பொருந்தவில்லை.

2002 பிப்ரவரியில் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ரோனா மார்ட்டின் தலைமையிலான பிரிட்டன் அணி சுவிட்சர்லாந்தைக் கடைசிக் கல்லில் 4–3 என்று வென்று தங்கம் பெற்றது. 1984-க்குப் பிறகு குளிர்கால ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அணியில் இருந்த ஐவருமே ஸ்காட்லாந்துப் பெண்கள். நள்ளிரவில் விழித்திருந்து நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. அன்று மியூர்ஹெட்டுக்கு 11 வயது. பிற்காலத்தில் அதே ரோனா மார்ட்டின் இவருடைய அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். அந்தக் கடைசிக் கல் ஸ்காட்லாந்து நினைவில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டதால், அடுத்து வரும் ஒவ்வொரு மகளிர் ஸ்கிப்பையும் அதே அளவுகோலால் அளக்கும் பழக்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்தத் தங்கத்துக்கு முன் மார்ட்டினின் அணி முதல் கட்டத்தில் 5 வெற்றி, 4 தோல்வி என்று தடுமாறி, சுவீடனையும் ஜெர்மனியையும் சமன்முறி ஆட்டங்களில் வென்றுதான் உள்ளே நுழைந்தது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

சீக்கிரம் வந்த உயரம்

இளையோர் உலகப் பட்டத்தை அவர் 2007, 2008, 2009, 2011 என நான்கு முறை வென்றார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்கு 19 வயதில் பிரிட்டனின் ஸ்கிப்பாகப் போனார். அவருக்குக் கீழே ஆடியவர்களில் ஜாக்கி லாக்ஹார்ட்டும் இருந்தார். 2002-இல் ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கி உலகப் பட்டம் வென்றவர், மியூர்ஹெட்டைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். அணி 3 வெற்றி, 6 தோல்வியுடன் திரும்பியது. பதின்வயதுப் பெண்ணை உலகின் கண்முன் நிறுத்தி, தாயின் வயதுடைய ஆட்டக்காரருக்கு உத்தரவிட வைத்த அந்த முடிவு எனக்கு இன்றும் அவசரமாகவே படுகிறது. அடுத்த மாதம் கனடாவின் ஸ்விஃப்ட் கரண்ட் நகரில் உலகப் போட்டியின் இறுதிவரை வந்தார். ஜெர்மனியின் ஆண்ட்ரியா ஷாப் அணியிடம் கூடுதல் சுற்றில் 8–6 என்று தோற்றார்.

அதன் பிறகு அவர் தன் வயதொத்தவர்களோடு கட்டிய அணிதான் அவரை உச்சிக்குக் கொண்டுபோனது: அன்னா ஸ்லோன், விக்கி ஆடம்ஸ், கிளேர் ஹாமில்டன். 2011-இல் மாஸ்கோவில் ஐரோப்பியப் பட்டம். 2013 மார்ச்சில் ரீகாவில் சுவீடனை 6–5 என்று வென்று உலகப் பட்டம். 22 வயதில் மகளிர் உலகப் பட்டம் வென்ற ஸ்கிப்பாக, அவரைவிட இளையவர் அதுவரை எவருமில்லை. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு எதிராக ஒரே சுற்றில் ஏழு புள்ளிகள் எடுத்தார்கள். எட்டுக் கற்களில் ஏழு புள்ளியாக நிற்பது இந்த மட்டத்தில் அபூர்வம். அரையிறுதியில் கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் அணியிடம் 6–4 என்று தோற்று, மறுநாள் சுவிட்சர்லாந்தைக் கடைசிக் கல்லில் 6–5 என்று வென்று வெண்கலம் பெற்றார்கள்.

சோச்சியின் அந்தக் கடைசிக் கல்லையும் காங்நுங்கின் கடைசிக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் வெண்கலம் பந்தயத்தில் இருந்தது. இரண்டிலும் அவரே கடைசி. 2014-இல் ஆட்டம் சமநிலையில் இருந்தது. ஒரு புள்ளி போதும். 2018-இல் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார். வெல்ல இரண்டு வேண்டும். முதலாவதைச் செய்து முடித்தவரைத் துணிச்சல்காரி என்றார்கள், இரண்டாவதைத் தவறவிட்டவரைப் பதற்றக்காரி என்றார்கள். இரண்டாவது கல்தான் பல மடங்கு கடினமானது. ஒன்பதாவது சுற்றில் ஜப்பானிடம் இழந்த புள்ளியும் பத்தாவது சுற்று வளர்ந்த விதமும் அவரை அந்த மூலைக்குத் தள்ளின. அந்தச் சுற்றில் அவருடைய அணி முதல் ஏழு கற்களால் இன்னும் ஒரு கல்லைச் சாதகமாக நிறுத்தியிருந்தால் அவருக்கு எளிய வாய்ப்பு கிடைத்திருக்கும். அவர் தவறவே இல்லை என்பது என் கருத்து அல்ல. கடைசிக் கல்லை விட்டவர் அவர்தான், முடிவும் அவருடையதுதான். ஆனால் தவறு அந்தக் கையில் தொடங்கவில்லை.

அதே 2018 ஒலிம்பிக்கில் இன்னொரு சம்பவமும் நடந்தது. முதல் கட்டத்தில் சுவீடனுக்கு எதிரான ஆட்டத்தின் முடிவில் மியூர்ஹெட் விட்ட கல்லின் கைப்பிடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. தடைக்கோட்டுக்கு முன்பே கல்லைக் கையிலிருந்து விட வேண்டும். கோட்டின் அடியிலுள்ள காந்தப் பட்டையைக் கடக்கும்போது கை ஒட்டியிருந்தால் கைப்பிடியின் உணரி கண்டுபிடித்துச் சிவப்பு காட்டும். கல் நீக்கப்பட்டது, ஆட்டம் 8–6 என்று போனது. காணொளிகளைப் பார்த்த பலர் அவர் முன்பே விட்டுவிட்டதாக வாதிட்டார்கள். அணி முடிவை ஏற்றுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனது. அந்த ஒலிம்பிக்கில் 6 வெற்றி, 3 தோல்வியுடன் அரையிறுதிக்கு வந்து சுவீடனிடம் 10–5 என்று வீழ்ந்ததற்குப் பிறகுதான் ஜப்பானுடனான வெண்கல ஆட்டம் வந்தது.

இடுப்பும் அணியும்

2018 மே மாதத்தில் அவருக்கு இடுப்பு மூட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கல்லை விடும் நிலையை ஒரு முறை பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். ஒரு காலால் பின்னிருந்து உந்தி, மறுகாலை மார்புக்குக் கீழே மடித்து, உடலைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, பனியில் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். மடிந்த இடுப்பு மூட்டு உடலின் முழு எடையையும் தாங்கும். பதின்வயதுக்கு முன்பே தொடங்கி ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான முறை அதையே செய்யும் உடல், இருபதுகளின் இறுதியில் கணக்குக் கேட்கத்தானே செய்யும்? அடுத்த பருவத்தின் தொடக்கத்தை அவர் ஆட முடியாமல் இழந்தார்.

இதே காலத்தில் பழைய அணியும் கலைந்தது. ஸ்லோன், ஆடம்ஸ் விலகினார்கள். புதியவர்களோடு மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. 2020-இல் ஸ்காட்லாந்துப் பட்டம் வென்று உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். கோவிட் பெருந்தொற்றால் கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் நடக்கவிருந்த அந்தப் போட்டி, தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பு ரத்தானது. 2021-இல் கால்கரியில், வெளித்தொடர்பின்றி அடைத்த வளாகத்துக்குள் நடந்த உலகப் போட்டியில் முதல் ஆறு இடங்களுக்குள் வரும் நாடுகளுக்கு ஒலிம்பிக் இடம் நேரடியாகக் கிடைக்கும். ஸ்காட்லாந்து அந்த ஆறில் வரவில்லை. உலகப் போட்டியில் ஸ்காட்லாந்து என்றும் ஒலிம்பிக்கில் பிரிட்டன் என்றும் ஆடும் விசித்திர ஏற்பாட்டில், ஸ்காட்லாந்தின் தோல்வி பிரிட்டனின் ஒலிம்பிக் இடத்தையே ஆபத்தில் விட்டது. ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று அப்போது யோசித்ததாக மியூர்ஹெட் பின்னர் சொல்லியிருக்கிறார்.

ஒன்பது பேரிலிருந்து ஐவர்

அடுத்து நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம். கர்லிங்கில் அணி என்பது பொதுவாகத் தாங்களே சேர்ந்துகொள்ளும் நான்கு பேர்: நண்பர்கள், உறவினர்கள், ஒரே ஊர்க்காரர்கள். அந்த வழக்கத்தை பிரிட்டிஷ் கர்லிங் அமைப்பு 2021 கோடையில் ஒதுக்கிவைத்தது. ஒன்பது பெண்கள் ஒரே குழுவில் சேர்க்கப்பட்டார்கள். மாதக்கணக்கில் வெவ்வேறு வரிசைகளில், வெவ்வேறு இணைகளில் ஆடிப் பார்த்தார்கள். யார் விட்டால் யார் நன்றாகத் தேய்க்கிறார், யாருடைய குரலை யார் நம்புகிறார் என்பதெல்லாம் ஸ்டர்லிங் நகரத் தேசியப் பயிற்சி மையத்தில் அளந்து பார்க்கப்பட்டன. ஒலிம்பிக் தலைமைப் பயிற்சியாளர் டேவிட் மர்டாக், தாமே சோச்சியில் ஆண்கள் அணிக்குத் தலைமை தாங்கி வெள்ளி வென்றவர். மகளிர் அணிக்கு சுவீடனைச் சேர்ந்த கிறிஸ்தியன் லிண்ட்ஸ்ட்ரோம் பயிற்சியாளர்.

உலகச் சாம்பியனாக இருந்த ஒருவர், தன் அணியைத் தானே தேர்ந்தெடுத்துப் பழகியவர், மீண்டும் ஒன்பது பேரில் ஒருவராக நின்று தேர்வுக்கு உட்பட்டார். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய ஆட்ட வாழ்வின் மிகத் துணிச்சலான செயல் எது என்று கேட்டால், எந்தக் கல்லையும் காட்டாமல் இதையே காட்டுவேன்.

இலையுதிர்காலத்தில் ஐவர் அறிவிக்கப்பட்டார்கள். ஸ்கிப் மியூர்ஹெட். கல் விடும் வரிசையில் மூன்றாவது இடத்தில் விக்கி ரைட். பெருந்தொற்றுக் காலத்தில் லார்பர்ட் ஊர் மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றியவர். இரண்டாவது இடத்தில் எடின்பரோவின் ஜெனிஃபர் டாட்ஸ்; புரூஸ் மௌவாட்டுடன் அந்த ஆண்டு கலப்பு இரட்டையர் உலகப் பட்டம் வென்றவர். முதல் இடத்தில் ஃபார்ஃபர் ஊரின் ஹெய்லி டஃப். மாற்று ஆட்டக்காரர் மிலி ஸ்மித். 1991 உலகச் சாம்பியன் அணித் தலைவர் டேவிட் ஸ்மித்தின் மகள். குடும்ப வழி இங்கும் வந்துதான் விட்டது. வேறுபாடு, இம்முறை தேர்வு குடும்பத்தின் கையில் இல்லை.

நவம்பரில் லில்லெஹாமரில் சுவீடனை வென்று ஐரோப்பியப் பட்டம். டிசம்பரில் நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் கடைசி வாய்ப்பான தகுதிப் போட்டியில் ஒலிம்பிக் இடம். கோடையில் அணியே இல்லை. கிறிஸ்துமஸுக்குள் ஐரோப்பியச் சாம்பியனும் ஆகி, ஒலிம்பிக் டிக்கெட்டையும் வாங்கிவிட்டார்கள்.

இந்த முறையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒன்பதில் நால்வர் வெளியே நின்றார்கள். தாங்களாகச் சேர்ந்து ஆடும் அணிகளில் தோல்வியும் நண்பர்களோடு பகிரப்படும். மேலிருந்து கட்டிய அணியில் விடுபடுபவர் தனியாக விடுபடுகிறார். பதக்கத்துக்குப் பிறகு இந்த முறையைப் பாராட்டி எழுதியவர்கள் அந்த நால்வரைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அவர்களோடு ஆடிப் பார்த்ததால்தான் இந்த ஐவர் யார் என்பதே தெரியவந்தது.

பெய்ஜிங்கின் சென்டிமீட்டர்கள்

தொடக்க விழாவில் பனிச்சறுக்கு வீரர் டேவ் ரைடிங்குடன் சேர்ந்து மியூர்ஹெட் கொடி ஏந்தினார். ஆட்டம் தொடங்கியதும் அணி வென்றும் தோற்றும் தத்தளித்தது. முதல் கட்டத்தின் கடைசி ஆட்டத்தில் ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி அணியை 9–4 என்று வென்ற பிறகும் கணக்கு 5 வெற்றி, 4 தோல்விதான். தென் கொரியாவை சுவீடன் தோற்கடித்ததும் உதவியது. கடைசியில் பிரிட்டன், ஜப்பான், கனடா மூன்றும் ஒரே கணக்கில் நின்றன, இடங்களோ இரண்டு. மூன்றும் ஒன்றையொன்று ஒரு முறை வென்று ஒரு முறை தோற்றிருந்ததால் நேரடிக் கணக்கும் உதவவில்லை.

அப்போது முடிவு சொன்னது, யாரும் கவனிக்காத ஓர் அளவை. ஒவ்வொரு ஆட்டமும் தொடங்குமுன் இரு அணிகளும் வட்டத்தின் மையத்தை நோக்கி ஆளுக்கு இரண்டு கற்கள் விட வேண்டும். ஒன்று வலஞ்சுழி, ஒன்று இடஞ்சுழி. மையத்திலிருந்து கல் நின்ற தூரத்தை அளந்து, முதல் சுற்றின் கடைசிக் கல் உரிமை யாருக்கு என்று தீர்மானிப்பார்கள். அந்தத் தூரங்களின் சராசரியே சமநிலையை முறிக்கும் அளவும்கூட. இதை ஸ்கிப் ஒருவரே விட முடியாது. அணியினர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்தச் சராசரியில் பிரிட்டன் மூன்றாவது, ஜப்பான் நான்காவது, கனடா வெளியே. அரங்கம் நிரம்புவதற்கு முன், கைதட்டலில்லாமல், வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு கைகள் விட்ட கற்களின் சென்டிமீட்டர்கள்தான் மியூர்ஹெட்டை அரையிறுதிக்குள் விட்டன. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அரையிறுதியில் எதிரே அன்னா ஹாசல்போரியின் சுவீடன், அப்போதைய ஒலிம்பிக் சாம்பியன். முதல் சுற்றிலேயே சுவீடன் நான்கு புள்ளி எடுத்துவிட்டது. கர்லிங்கில் நான்கு புள்ளிப் பின்னடைவு பெரும்பாலும் ஆட்டத்தின் முடிவு. பிரிட்டன் அடுத்த சுற்றில் மூன்று எடுத்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாகத் துரத்தியது. ஒன்பதாவது சுற்றில் நான்கு எடுத்து 11–8 என்று முன்னேறியது. சுவீடனும் விடவில்லை, பத்தாவதில் மூன்று எடுத்து 11–11. கூடுதல் சுற்றில் கடைசிக் கல் உரிமை பிரிட்டனுக்கு. 12–11. மறுபடியும் எல்லாம் அவருடைய கடைசிக் கல்லில் வந்து நின்றது உண்மை. ஆனால் இம்முறை அவருக்குத் தேவைப்பட்டது ஒரே புள்ளி; அந்த ஒரு புள்ளிக்கான வழியை மற்ற மூவரும் திறந்தே வைத்திருந்தார்கள்.

இறுதி ஆட்டம் அந்த வகையில் மேலும் தெளிவானது. முதல் சுற்றில் இரண்டு, நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஒவ்வொன்று, ஏழாவதில் நான்கு. ஒரே சுற்றில் நான்கு புள்ளி என்பது ஸ்கிப்பின் இரண்டு கற்களால் மட்டும் வராது. முந்தைய கற்கள் வட்டத்துக்குள் சரியான இடங்களில் நின்று காத்திருந்தால்தான் வரும். வட்டத்துக்கு முன் மறைப்பாக ஹெய்லி டஃப் முதலில் வைக்கும் காவல் கற்கள், டாட்ஸும் ரைட்டும் மாற்றி மாற்றிச் செய்த தாக்குதல்கள், இடையறாத தேய்ப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஒன்பது சுற்றுகளில் 10–3 ஆனதும் ஜப்பான் அணி கைகொடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. தோல்வி உறுதியானபின் ஆட்டத்தை இழுக்காமல் கைகொடுப்பது கர்லிங்கின் மரியாதை. காங்நுங்கில் தவறிய கடைசிக் கல்லுக்கு ஈடாக ஒரு கடைசிக் கல்லை அவர் இங்கே விடவே நேரவில்லை. பத்தாவது சுற்று ஆடப்படவே இல்லை.

முந்தைய நாள் ஆண்கள் இறுதியில் மௌவாட்டின் அணி சுவீடனிடம் கூடுதல் சுற்றில் 5–4 என்று தோற்று வெள்ளி பெற்றிருந்தது. அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டனின் இரண்டு பதக்கங்களும் கர்லிங்கிலிருந்து, அதாவது ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை.

பிறகு

2022 ஏப்ரலில் ஜெனீவாவில் பாபி லாமியுடன் கலப்பு இரட்டையர் உலகப் பட்டத்தையும் வென்றார்; இறுதியில் சுவிட்சர்லாந்தை 9–7 என்று தோற்கடித்தார்கள். ஐரோப்பியப் பட்டம், ஒலிம்பிக் தங்கம், உலகப் பட்டம் மூன்றும் ஆறு மாதத்துக்குள் அமைந்தன. அந்த ஆகஸ்டில், 32 வயதில், ஓய்வை அறிவித்தார். கர்லிங்கில் நாற்பது வயதைக் கடந்தும் ஆடுபவர்கள் பலர் உண்டு. அறுவை செய்த இடுப்பையும் பதினைந்து ஆண்டு அழுத்தத்தையும் எண்ணிப் பார்த்தால், உச்சியில் நின்றபோதே இறங்கியது சரியான கணிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மிலான்–கோர்ட்டினா 2026 குளிர்கால ஒலிம்பிக்குக்கு பிரிட்டன் குழுவின் தலைமைப் பொறுப்பாளராக அவர் நியமிக்கப்பட்டார். கொடி ஏந்துவதோ கல் விடுவதோ அந்தப் பணியில் இல்லை. தங்குமிடம், பயணம், மருத்துவ உதவி, தேர்வு அறிவிப்பு என வீரர்கள் களத்துக்கு வருமுன் சரியாக இருக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் இடம் அது. 19 வயதில் ஆயத்தமில்லாமல் ஒலிம்பிக் ஸ்கிப் ஆக்கப்பட்டவரும், 31 வயதில் ஒன்பது பேரில் ஒருவராக மறுபடி தேர்வுக்கு நின்றவருமான ஒருவரை அந்த நாற்காலியில் அமர்த்தியது, பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கம் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.